வானொலி கூடத்தில், கேட்பவர் அடுக்களையில்

பெங்களூரில் அகில இந்திய வானொலி நிலையம் 1955 நவம்பர் 2 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே 1955-இல்தான் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தில் மாவாட்டும் கிரைண்டரைத் தயாரிக்கத் தொடங்கினார். காலப்போக்கில் இரண்டும் பெங்களூரின் அல்சூர் வீடுகளுக்குள் வந்தன, ஆனால் ஒரே அறைக்குள் வரவில்லை. ரேடியோ கூடத்துச் சுவரில் அடித்த பலகையின் மேல், பூப்போட்ட துணியுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கிரைண்டர் சமையற்கட்டுக்குப் போயிற்று. வீட்டில் பாட்டை அதிக நேரம் கேட்டவரோ கிரைண்டர் இருந்த பக்கம்தான் நின்றார். அவருக்கு எட்ட வேண்டுமானால் கூடத்து ரேடியோவைச் சத்தமாக வைக்க வேண்டும். வைத்தால் அங்கே செய்தித்தாள் படிப்பவருக்கு எரிச்சல். இந்த இழுபறி டேப்ரிக்கார்டர் காலத்திலும் தொடர்ந்தது, ‘ஹோம் தியேட்டர்’ வந்த பிறகும் தீரவில்லை.

ஆகவே, சமையற்கட்டுக்கு எந்த மியூசிக் சிஸ்டம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். அடுப்பு முன் நிற்பவரின் காது எங்கே இருக்கிறது? அவர் கை எந்த நிலையில் இருக்கிறது? காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, ஈரக் கையால் திருகக்கூடிய ஒரு குமிழ். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் வேலையில் முக்கால் பங்கு முடிந்தது. கடைக்காரர் மணிக்கணக்காகப் பேசுவதெல்லாம் மீதிக் கால் பங்கைப் பற்றித்தான்.

அல்சூர் வீடுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது, படையோடும் படைக்குச் சரக்குக் கொடுத்தவர்களோடும் வந்து குடியேறிய தமிழர்களின் ஊர் இது. மெட்ராஸ் சாப்பர்ஸ் தலைமையகமும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இன்றும் அல்சூர் ஏரிப் பக்கம்தான் இருக்கின்றன. சோமேசுவரர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களிலும் பஜார் வீதியிலும் ஜோகுபாளையத்திலும் பல வீடுகள் முகப்பில் ஒடுங்கிப் பின்னோக்கி நீள்பவை, சுவரோடு சுவர் ஒட்டியவை. அடுக்களை கடைக்கோடியில். அதன் சன்னல் ஒரு சந்தைப் பார்க்கும். சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டு அடுக்களைச் சன்னல். கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கம் போனால் அடுக்ககங்கள், கூடத்தோடு சேர்ந்த திறந்த சமையற்கட்டுகள், அங்கே பிரச்சினை வேறு.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனியாகச் சாப்பாட்டு அறை இருக்கும் வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கிறது. அகலம் 1.8 மீட்டர். இது நம் ஊர்க் கஞ்சத்தனம் மட்டுமில்லை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த புகழ்பெற்ற ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். நடை குறையும், வேலை சுருங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். சுருங்கியதோடு அது ஒரு ஆள் மட்டும் நிற்கும் அறையாகவும் ஆனது. வீட்டுப் பேச்சு நான்கு சுவருக்கு அப்பால் போய்விட்ட அந்த அறைக்குத்தான் பாட்டு தேவைப்படுகிறது.

அங்கே பாட்டை முதலில் கொண்டுபோனது டிரான்சிஸ்டர். வால்வு ரேடியோ கனமானது, சூடாவது, ஏரியல் கம்பி கேட்பது, அதை யாரும் அடுப்படிக்குத் தூக்கிப் போகவில்லை. ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962-இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் செய்யத் தொடங்கிய பிறகு, கையில் எடுத்துப் போகும் பெட்டிகள் நடுத்தர வீடுகளுக்கு எட்டின. அதற்குள் கேட்பவர்களின் பழக்கமும் மாறியிருந்தது. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைச் சுருக்கியதும் மக்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி பிறந்ததே அந்தக் கூட்டத்தைத் திரும்ப அழைக்கத்தான். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலைக் கேட்டபடி சாதம் வடித்த தலைமுறை அது. ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அதன் தலைமேல் ஒரு டிரான்சிஸ்டர் ஏறியது. சொல்லப்போனால் அந்த இடம் மோசமில்லை: காது மட்டம், அடுப்பிலிருந்து விலகல், கைக்கு எட்டும் குமிழ். அப்போது யாரும் ஒலியியல் படிக்கவில்லை.

இன்று வாங்கப் போகிறவர் அல்சூரின் ஹலசூரு மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடக்கிறார். கடையில் முதல் கேள்வி, “எத்தனை வாட்ஸ் வேணும் சார்?” சமையற்கட்டைப் பொறுத்தவரை இது தப்பான கேள்வி. தொண்ணூறுகளில் பெட்டி மேல் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று அச்சடித்து விற்றார்களே, அந்த எண்ணுக்குக் காது கேட்கும் சத்தத்தோடு உறவே இல்லை. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் வாட்ஸ்தான் கணக்கு. நம் ஊர் அசெம்பிள் செட்டுகளில் லட்சக்கணக்காக உழைத்த 4440 ஐசி போர்டு, ஒரு சேனலுக்கு வெறும் 6 வாட். அதை வைத்துக்கொண்டு டீக்கடைகள் தெருவையே எழுப்பின.

இப்போது தூரத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒலி போகும் தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபல். கூடத்தில் 20 அடி தள்ளி இருக்கும் பெட்டி, காதுக்கு 2 அடியில் இருக்கும் பெட்டிக்கு ஈடாகக் கேட்க வேண்டுமானால் அந்த 20 டெசிபலை வாட்ஸில் கட்ட வேண்டும். அதாவது நூறு மடங்கு. பக்கத்தில் 1 வாட், தூரத்தில் 100 வாட். வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் ஒலியைத் திருப்பித் தருவதால் நிஜ வித்தியாசம் இதைவிடக் குறைவுதான், ஆனால் நடுவில் ஒரு கதவும் ஒரு திருப்பமும் வந்தால் அந்தச் சலுகையும் போய்விடும். கூடத்தில் பெரிய சிஸ்டம் இருக்கிறது, அடுக்களைக்குத் தனியாக எதற்கு என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

சமையற்கட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே சத்தங்கள் சேதி சொல்கின்றன. கடுகு வெடித்து முடிந்ததா, பருப்பு எத்தனை விசில், பால் பொங்கும் முன் வரும் அந்த மெல்லிய சீறல், கேஸ் குழாயில் கசிவு, வாசலில் அழைப்பு மணி. சமைப்பவர் பாதி வேலையைக் காதால் செய்கிறார். இதனால்தான் காதுக்குள் செருகும் இயர்பட்ஸை, அதிலும் வெளிச் சத்தத்தை அடைக்கும் வகையை, அடுப்படிக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. பாட்டு இந்தச் சேதிகளின் கீழே ஓட வேண்டும், மேலே ஏறி உட்காரக் கூடாது.

அதே அறையில் எந்தச் சேதியும் சொல்லாத இரைச்சலும் இருக்கிறது. சிம்னி வேகமாக ஓடினால் 60 டெசிபல் அளவில் ஒரு தொடர் இரைச்சல். பேசும் குரலும் ஏறக்குறைய அதே அளவுதான். காதருகே இருக்கும் சின்னப் பெட்டி இதைச் சிரமமில்லாமல் தாண்டும். மிக்ஸி வேறு சாதி. கை நீளத் தூரத்தில் 80 முதல் 90 டெசிபல் வரை கத்துகிறது. அதை மிஞ்ச வேண்டும் என்று பாட்டை ஏற்றினால், சட்னி அரைத்து முடித்ததும் காது கூசும், எதிர் வீட்டுச் சன்னல் சாத்தப்படும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கத்தக்க எல்லையாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபல். மிக்ஸியோடு போட்டி போடுவது அந்த எல்லையைத் தாண்டுகிற வேலை. என் தீர்ப்பு எளிது: மிக்ஸி ஓடும் இரண்டு நிமிடம் பாட்டு பேசாமல் இருக்கட்டும்.

என்ன பாட்டு என்பதும் இங்கே கருவியின் ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக பிபிசி ‘மியூசிக் வைல் யு வொர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே கேட்க வேண்டும் என்பதால் சத்தம் ஏறி இறங்காத, எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளாகத் தேர்ந்தார்கள். நடுவில் கைதட்டல் வரும் ஒரு பாட்டை வேலை நேரத்தில் போடக் கூடாது என்று தடையே விதித்தார்கள், தொழிலாளர்கள் கைதட்டுவதற்குப் பதில் ஸ்பானரால் மேசையைத் தட்டிவிடுவார்களாம். அடுக்களைக்கும் இந்த விதி பொருந்தும். சினிமாப் பாட்டு சிம்னி இரைச்சலில் தாக்குப்பிடிக்கும். ஆலாபனையில் பாடகர் குரலைத் தாழ்த்தி இழைக்கும் இடம் எல்லாம் தாளிக்கும் சத்தத்தில் கரைந்துபோகும். பெங்களூரில் 100.1-இல் வரும் அமிர்தவர்ஷினி கர்நாடக, இந்துஸ்தானி இசைக்கென்றே உள்ள எப்எம் அலைவரிசை, நல்ல வசதி. ஆனால் அதை இட்லி வேகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வதக்கும் நேரத்துக்கு வேண்டாம்.

இனி அறை. தரையில் டைல்ஸ், சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ், மேடையில் கிரானைட், அலமாரி முழுக்க எவர்சில்வர். ஒலியை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இல்லாத அறை நம் சமையற்கட்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் 1895-இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். அந்த உழைப்பில் பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுத்தால் எதிரொலி அடங்க ஆகும் வினாடிகள் கிடைக்கும். உறிஞ்சும் அளவுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு எது தெரியுமா? திறந்த சன்னல். வெளியே போன ஒலி திரும்பாது என்பதால் ஒரு சதுர மீட்டர் திறப்பு என்பது முழு உறிஞ்சல்.

8 அடிக்கு 10 அடி, ஒன்பதரை அடி உயரம் என்று ஒரு சமையற்கட்டை எடுத்துக்கொள்வோம். கன அளவு ஏறக்குறைய 21.5 கன மீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 47 சதுர மீட்டர் பரப்பு. டைல்ஸ் அநேகமாக எதையுமே உறிஞ்சுவதில்லை. அலமாரிக் கதவுகள், சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு ஐந்து என்று தாராளமாக வைத்தாலும், கதவு சன்னல் சாத்தியிருக்கும்போது எதிரொலி அடங்க ஒன்றரை வினாடி ஆகிறது. இது கல்யாண மண்டபத்துக்குரிய அளவு. கதவில் 2 சதுர மீட்டரும் சன்னலில் 1 சதுர மீட்டரும் திறந்துவிட்டால் 0.65 வினாடி அளவுக்கு இறங்கிவிடும், சொற்கள் தனித்தனியாக விழும். கடையில் விற்கும் ஸ்பாஞ்ச் பலகைகளை வாங்கி அடுப்படியில் ஒட்ட வேண்டாம், அவை எண்ணெயையும் நெருப்பையும் ஒருசேர வரவேற்கும். சன்னலைத் திறந்தால் போதும்.

ஆனால் அல்சூர்ச் சந்தில் சன்னல் வழியே போன ஒலி எங்கே போகிறது? எதிர் வீட்டு ரசத்துக்குள். சத்தக் கட்டுப்பாட்டு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அனுமதி. விதியைவிட விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சமைக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் முகம் முக்கியம். இங்கேயும் பெட்டி காதருகே இருப்பதுதான் வழி. சமைப்பவருக்குப் போதுமான சத்தம் சன்னலைத் தாண்டும்போது தேய்ந்திருக்கும். கூடவே, பெட்டியின் முகம் சன்னலைப் பார்க்கக் கூடாது, ஒட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டவும் கூடாது. நாலரை அங்குலச் சுவர் காற்றில் வரும் ஒலியை ஓரளவு தடுக்கும். சுவரிலேயே பிணைத்த பெட்டியின் அதிர்வைத் தடுக்காது.

மூலையிலும் வைக்காதீர்கள். சின்ன அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அடிச்சுரங்கள் சிக்கிக்கொள்ளும். மேலே சொன்ன அறையில் 10 அடி நீளமும் ஒன்பதரை அடி உயரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் 57, 59 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூலையில் வைத்த பெட்டி அவற்றை முழுசாக எழுப்பிவிடும், தவிலும் பேஸ் கிட்டாரும் ஒரே ‘பொம்’ என்று கேட்கும். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று விளம்பரப்படுத்தும் பெட்டிகளுக்கு அடுக்களையில் வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். சப்-வூஃபரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒன்றா, இரண்டா? ஒன்று போதும். அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் என்று நடந்துகொண்டே இருப்பவருக்கு ஸ்டீரியோவின் நடுப்புள்ளி ஒருபோதும் அமையாது. எழுபதுகளின் பிற்பகுதிவரை வந்த தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை, 1978-இல் வந்த ‘ப்ரியா’ ஸ்டீரியோவின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தது. சில வீடுகளில் ஒரு காரியம் செய்கிறார்கள்: கூடத்து ஆம்ப்ளிஃபயரின் இடது ஸ்பீக்கரைக் கூடத்திலேயே விட்டு, வலது ஸ்பீக்கரை மட்டும் ஒயர் இழுத்துச் சமையற்கட்டில் மாட்டிவிடுவது. எண்பதுகளின் ஸ்டீரியோப் பதிவுகளில் சில வாத்தியங்களை ஒரே பக்கமாக ஒதுக்கிவைத்திருப்பார்கள். கூடத்தில் புல்லாங்குழல் கேட்கும், அடுக்களையில் அதற்குப் பதில் சொல்லும் வயலின் மட்டும் கேட்கும். கேள்வி ஒரு அறையில், பதில் இன்னொரு அறையில். இப்படி இழுப்பதானால் மோனோ பொத்தான் உள்ள ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து இழுக்க வேண்டும். போன் வழியாகக் கேட்பவர்களுக்கு வசதி உண்டு, அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் மோனோ என்று ஒரு தேர்வு இருக்கிறது.

வாங்கக்கூடியவற்றை வரிசையாகப் பார்த்தால், பழைய டிரான்சிஸ்டரையே நான் முதலில் வைப்பேன். ஆன், ஆஃப், சத்தம், அலைவரிசை, எல்லாம் குமிழில். மத்திய அலையில் மட்டும் தொல்லை. மிக்ஸியின் கார்பன் பிரஷ் பொறி விடும்போதெல்லாம் 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூர் நிலையம் கரகரக்கும், இண்டக்ஷன் அடுப்பும் தன் பங்குக்கு இரையும். எப்எம்மில் அவ்வளவு பாதிப்பில்லை, முக்கால் மீட்டர் ஏரியலை முழுக்க இழுத்துவிட்டால் சரி. பெங்களூர் எப்எம்மில் நாள் முழுக்கத் தமிழ் எதிர்பார்க்க முடியாது என்பது அல்சூர்க்காரர்களின் பழைய குறை. சென்னை, திருச்சி நிலையங்களை பிரசார் பாரதியின் செயலி போனிலேயே தருகிறது, அதை ஒரு ஸ்பீக்கரில் விட்டால் அந்தக் குறை தீரும்.

சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கார்வானைப் பலர் தாத்தா பாட்டிக்குப் பரிசளிக்கும் பொருளாக நினைக்கிறார்கள். சமையற்கட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதைக் கவனிப்பதில்லை. தமிழ்ப் பதிப்பில் 5,000 பாட்டு உள்ளேயே இருக்கிறது, இணையம் வேண்டாம், பெரிய குமிழ், பேட்டரி. அடுத்த பாட்டு என்ன என்று யாரும் திரையைத் தடவ வேண்டியதில்லை. பாட்டுப் பட்டியலில் இல்லாத பாட்டு கேட்கிற வீட்டுக்கு இது ஆகாது, அவ்வளவுதான்.

ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் இன்று அதிகம் விற்பது. மூவாயிரம் ரூபாய்க்குள் அடுக்களைக்குத் தேவையான அத்தனையும் கிடைக்கிறது. இரண்டு விஷயம் மட்டும். மைக்ரோவேவ் அவன் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், ப்ளூடூத்தும் அதே வட்டாரத்தில்தான் பேசுகிறது. 2003-க்குப் பிறகு வந்த ப்ளூடூத் கருவிகள் நெரிசலான அலைவரிசைகளைத் தவிர்த்துத் தாவத் தெரிந்தவை, ஆனாலும் மைக்ரோவேவுக்கு ஒட்டினாற்போல் வைத்தால் பாட்டு விக்கும். மைக்ரோவேவுக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கர், அந்தப் பக்கம் போன் என்று இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜும் அப்படியே, அது ஒரு இரும்புச் சுவர். இரண்டாவது, போனே சமையற்கட்டில் இருக்க வேண்டியிருப்பது. மாவுக் கையால் போனைத் தொடுவது அலுப்பு, அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், போனோடு மகன் வெளியே போனால் பாட்டும் கூடவே போய்விடும்.

கையே வேண்டாம், குரல் போதும் என்று 2017-இல் அமேசானின் எக்கோ இந்தியாவுக்கு வந்தது. அடுக்களைக்கு இதுவே விடை என்று முதலில் தோன்றும். நடைமுறையில், சிம்னி இரைச்சலில் அதற்குக் காது மந்தம். அதைவிடப் பெரிய தடை, இந்தியாவில் அதற்கு ஆங்கிலமும் இந்தியும்தான் பழக்கம். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் அல்சூர்ப் பாட்டி பாட்டின் முதல் வரியைச் சொன்னால் அது வேறெதையோ எடுத்து வைக்கும். ஆங்கிலத்தில் படத்தின் பெயரைச் சொல்லப் பழகிய வீடுகளில் நன்றாகவே உழைக்கிறது. டைமர் வைப்பதற்கு மட்டும் இது எல்லாவற்றையும் மிஞ்சும்.

கம்பி வழி என்பது வீடு கட்டும்போதோ புதுப்பிக்கும்போதோ மட்டும் யோசிக்க வேண்டியது. அப்போது செய்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. கூடத்து ஆம்ப்ளிஃபயரில் ‘பி’ என்று இரண்டாம் ஜோடி முனைகள் இருந்தால், அங்கிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர். 10 மீட்டர் தூரத்துக்கு, போக வர 20 மீட்டர், தடை ஏறக்குறைய கால் ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது மூன்று சதவீதம்தான், பொருட்படுத்த வேண்டாம். சுவரில் ஃபேன் ரெகுலேட்டர் போல ஒரு வால்யூம் கண்ட்ரோலைப் பதித்துவிட்டால், ஈரக்கைக்குக் குமிழ் வாய்த்துவிட்டது. எலக்ட்ரீஷியன் சோம்பல்பட்டு ஸ்பீக்கர் ஒயரையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே பைப்பில், ஒரே பெட்டியில் விட அனுமதிக்காதீர்கள். இரைச்சலுக்காக மட்டும் சொல்லவில்லை, காப்பு உரிந்தால் ஸ்பீக்கர் முனையில் மின்சாரம் வந்து நிற்கும். கூரையில் பதிக்கும் ஸ்பீக்கர் பார்க்க அழகு. அடுப்புப் புகை முதலில் சேருமிடம் கூரை என்பதால் சிம்னி பலமாக இல்லாத வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊர்க்காரர்களின் பழைய தந்திரம் ஒன்று உண்டு. அகன்ற மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பொருத்துவது. கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் பானை பிரித்து வைக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன். எவர்சில்வர் டம்ளருக்குள் போனைப் போடுவது இதன் ஏழைத் தம்பி, சத்தம் கூடும், குரல் டம்ளர் குரலாகிவிடும்.

எதை வாங்கினாலும் எதிரிகள் பொது. ஐபிஎக்ஸ்4 என்றால் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். எண்ணெய்ப் புகையைப் பற்றி அந்த எண்கள் ஒன்றும் சொல்வதில்லை. தாளிப்பு ஆவி காகிதக் கோனில் படிந்து அதைக் கனமாக்குகிறது, அதன்மேல் தூசு ஒட்டுகிறது, விளிம்பு ஃபோம் பொடிந்து உதிர்கிறது. பிளாஸ்டிக் கோனும் ரப்பர் விளிம்பும் நீடிக்கும். இன்னும் எளிய வழி, அறையில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது. கதவு வழியே வந்து அடுப்பைத் தாண்டி எக்ஸாஸ்ட் ஃபேன் வழியே போகிறது என்றால், பெட்டி கதவுப் பக்கம் இருக்க வேண்டும். அடுப்புக்கும் ஃபேனுக்கும் நடுவில் வைத்த பெட்டி புகைபோக்கியில் வைத்ததற்குச் சமம். அப்புறம் கரப்பான். அடாப்டரும் ஆம்ப்ளிஃபயரும் தரும் இளஞ்சூட்டுக்கு ராத்திரியில் குடிவந்துவிடும். பின்பக்கக் காற்றோட்டத் துளைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், சூடு வெளியேற வழி இருக்கும்படி.

மின்சாரத்தில் மூன்று எச்சரிக்கை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். ஆகவே சிலிண்டர் பக்கம் தரை மட்டத்தில் சுவிட்சோ பிளக்கோ வரக் கூடாது, மேடைக்கு மேலே ஒரு 6 ஆம்பியர் பாயிண்ட் போதும். மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் சொருகிய அதே நீட்டிப்புப் பலகையில் ஸ்பீக்கரையும் சொருகாதீர்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை விட்டுச் சோதித்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுக்கொள்வது ஈரக் கைகள் புழங்கும் அறைக்கு எந்த ஸ்பீக்கரையும்விட நல்ல முதலீடு. மின்வெட்டுக்குப் பயந்தவர்கள் பேட்டரி உள்ள பெட்டியாகப் பார்ப்பதே சுலபம்.

இடத்தை முடிவுசெய்யும் முன் ஆணி அடிக்க வேண்டாம். பெட்டியை அடுப்புக்குப் பக்கவாட்டில் மூன்றடி தள்ளி, சமைப்பவரின் காது மட்டத்தில், கிரானைட் மேல் நேரடியாக இல்லாமல் ஒரு ரப்பர் துண்டின் மேல் வையுங்கள். சிம்னியை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பாட்டுக்குப் பதில் செய்தியைப் போடுங்கள். வாசிப்பவரின் ‘ச’, ‘த’, ‘ப’ பிரிந்து கேட்கும் வரை மட்டும் சத்தத்தை ஏற்றி, சந்தில் இறங்கி நின்று கேட்டுப் பாருங்கள். வெளியே சொற்கள் புரிந்தால் பெட்டியைச் சற்றுத் திருப்புங்கள், அதிலும் அடங்காவிட்டால் இன்னும் அரையடி நெருக்கிச் சத்தத்தைக் குறையுங்கள். ஒரு வாரம் அப்படியே சமைத்துப் பார்த்த பிறகு ஸ்டாண்டை மாட்டலாம். ஆயுத பூஜைக்கு மிக்ஸியையும் கிரைண்டரையும் துடைத்துப் பொட்டு வைக்கும் நாளில் இதையும் இறக்கி, பிளக்கைக் கழற்றி, முன்பக்க வலையைத் தனியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வலையை மட்டும் துடைக்க வேண்டும். கோனைத் தொட வேண்டாம், காய்ந்த மெல்லிய பிரஷ் அதற்குப் போதும்.